வீரகேது மகாராஜாவுக்கு இரண்டாம் ஷிப்டு

பம்பாய்க்குப் போக எங்கள் சங்கத்தில் ஒருத்தருக்கும் மனசில்லை. தலைவருக்கு ரயில் என்றாலே வயிற்றைப் புரட்டும். செயலாளர் வீட்டில் மகளுக்குப் பிரசவம். பொருளாளருக்கு அந்த மாதம் வடக்கே போனால் ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். கடைசியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜபார்ட் போட்டு வாள் சுழற்றின கை உங்களுக்கு, உங்களுக்கென்னக்கா பயம் என்று நன்றாக ஏற்றிவிட்டு, வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மதுரையில் பழைய ராஜா ராணி நாடகங்களை ஆடுகிற கம்பெனிகள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம் அது. அதில் சேருவதற்கு ஏன் இவ்வளவு அடிதடி என்றால் நாடகப் பிரதிக்காகத்தான். பழைய நாடகங்களில் பாதிக்கு மேல் கையெழுத்துப் பிரதியாகவே இருக்கின்றன. திருவிழாக் கடையில் விற்கிற பாட்டுப் புஸ்தகத்தில் பாட்டு இருக்கும், வசனம் இருக்காது. சங்கத்துக்குள் இருக்கிறவர்கள் ஒருத்தர் பிரதியை இன்னொருத்தர் வாங்கி ஆடிக்கொள்ளலாம். வெளி ஆளுக்கு ஒரு தாள் கிடைக்காது.

சேருகிறவர்களுக்கு விதி இரண்டே இரண்டு. நாடகத்தை வெட்டாமல் முழுசாக ஆட வேண்டும். ஒரு வேஷத்துக்கு ஒரு ஆள்தான் வர வேண்டும். இந்த இரண்டாவது விதியைக் கொண்டுவந்தவள் நான். நோட்டீசில் என் பேரைப் போட்டு ஜனத்தைக் கூட்டி, பாதி நாடகம் வரைக்கும் என்னை ஆடவிட்டு, பிறகு என்னை அடுத்த ஊருக்கு வண்டியேற்றிவிட்டு, எவளுக்கோ என் கிரீடத்தை மாட்டி மேடையில் இறக்கின காண்டிராக்டர்கள் உண்டு. மறுவருஷம் அந்த ஊர்க்காரர்கள் என்னிடமே வந்து, போன தடவை விடியற்காலையில் ஏனம்மா அப்படிக் கரகரவென்று பாடினீர்கள் என்று கேட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் போட்ட விதி.

இப்போது தாராவியிலிருந்து ஒரு நாடக சபா சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் மில்லில் வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் இருப்பது ஒரே நாடகம், வீரகேது மகாராஜா. கொடுத்த வாக்குக்காகத் தம்பியிடம் நாட்டைக் கொடுத்துவிட்டுக் குதிரைக்காரனாகப் போகிற ராஜாவின் கதை. வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதையே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கொடைக்கும் இதே நாடகம் என்றால் வேண்டாம், திரை கட்டி சினிமா போட்டுவிடுகிறோம் என்று கொடைக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாம். சங்கத்தில் சேர்ந்து வேறு பிரதி கிடைத்தால் சபா பிழைக்கும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் சங்கத்தின் முடிவு என்று பேசி என்னை ரயிலேற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை தாதரில் இறங்கியபோது என் முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. என்னை அழைத்துப் போக வைத்தியநாதன் வந்திருந்தார். மாதுங்காவில் ஒரு தமிழ் சபாவை நடத்துகிறவர், ரயில்வே ஆபீசில் உத்தியோகம், எங்கள் தலைவருக்கு வேண்டியவர். தங்கமான மனுஷர், ஆனால் வாய் ஓயாது. வீடு போய்ச் சேருவதற்குள் தாராவிக்காரர்களுக்கு உதவி செய்த கதையைச் சொல்லி முடித்துவிட்டார். சங்கத்தின் விதிகளை எழுதி வாங்கி, தானே நேரில் போய் அவர்களுக்கு வாசித்துக் காட்டினாராம். "ஏதாவது தப்பாயிடுத்துன்னா பாவம் இல்லையா? முன்கூட்டியே சொல்லிவெச்சேன்" என்றார். நல்ல காரியம் செய்தீர்கள் என்று நானும் சொல்லிவைத்தேன்.

மாதுங்காவில் இறங்கினால் பம்பாய்க்கு வந்தோமா என்றே சந்தேகம் வந்துவிடும். வாழையிலை, கதம்பம், காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, வெற்றிலை எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கிறது. ஓட்டல் சாம்பாரில் மட்டும் வெல்லத்தைப் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் உடுப்பிப் பக்குவம் என்கிறார்கள். சாம்பாருக்கு என்னத்துக்கு இனிப்பு? வைத்தியநாதனின் சம்சாரம் கல்யாணி மாமி வீட்டில் வைத்த வற்றல்குழம்புதான் என் நாக்குக்கு உயிர் கொடுத்தது.

கல்யாணி மாமிக்கு என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு தரம் ஆரம்பித்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். மூன்றாம் தரம் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, மீசை ஒட்டினால் அரிக்காதா என்று கேட்டார். அரிக்கும் மாமி, ஆனால் அதை ஒட்டிக்கொண்டால் எவனும் நம்மை ஏய் என்று கூப்பிட மாட்டான் என்றேன். மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு இரண்டாம் காப்பி கேட்காமலே வந்தது.

சனிக்கிழமை காலை தாராவிக்குப் போனோம். தோல் பதனிடுகிற கிடங்குகளின் வாடை முகத்தில் அறைந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சந்து திரும்பத் திரும்ப வீடுகள், ஒருத்தர் வீட்டுச் சுவரில் இன்னொருத்தர் கூரை. ஆனால் காதில் விழுந்தது எல்லாம் நம்ம பேச்சு. குழாயடியில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அசல் திருநெல்வேலிச் சண்டை, நடுநடுவே இந்தியில் இரண்டு வசவு. கேட்கக் கேட்க எனக்குப் பாதி களைப்பு போய்விட்டது.

சபாவை நடத்துகிற தங்கதுரை வாசலிலேயே நின்றிருந்தான். நாற்பது வயசு இருக்கும். நல்ல உயரம், ராஜபார்ட்டுக்கென்றே அளவெடுத்த தோள். ராஜா வேஷம் அவனுக்குத்தான். அவன் சம்சாரம் பொன்னுத்தாய்தான் சபாவுக்கு உடுப்புத் தைப்பதும், துவைப்பதும், பெட்டியில் அடுக்குவதும். பொம்பில் என்று இந்த ஊரில் ஒரு மீன் கிடைக்கிறது, வழவழவென்று எலும்பே இல்லாத மாதிரி இருக்கிறது. அதில் தேங்காய் அரைத்து ஊற்றி ஊர்ப் பக்குவத்தில் குழம்பு வைத்திருந்தாள். வைத்தியநாதன் வெளியே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, டீ மட்டும் போதும் என்றார். நான் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டேன். தங்கதுரை முகத்தில் ஈயாடவில்லை. எல்லாருக்கும் ஷிப்டு அக்கா, ஒருத்தன் வந்தால் ஒருத்தன் இல்லை, ஆட்களைச் சேர்க்க முடியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவனுக்கே மத்தியானத்துக்கு மேல் இரண்டாம் ஷிப்டு. சரி, செவ்வாய்க்கிழமை கொடையன்று மட்டும் எப்படிச் சேருவீர்கள் என்றேன். அன்றைக்கு எல்லாரும் லீவு சொல்லிவிட்டோம் என்றான். பொன்னுத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பெரிய நாடகம், பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் இந்த நாடகம் ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். இங்கே ராத்திரி ஒலிபெருக்கிக்குப் போலீஸ் விடாது. ஆகவே காலையில் கோயில் பூஜை முடிந்ததும் ஆரம்பித்து, விளக்கு வைக்கிற நேரம் தாண்டி முடிப்பார்களாம். பட்டப்பகலில் அரிதாரம் பூசினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரியுமே என்றேன். பழகிவிட்டது என்றான் தங்கதுரை.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியநாதன் தன் சபா நாடகத்துக்குக் கூட்டிப்போனார். மேடையில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு மாமனார். இரண்டு மணி நேரத்தில் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நாடகத்தில் இந்த நேரத்துக்கு பபூன் தன் அறிமுகப் பாட்டையே முடித்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை செம்பூருக்குப் போனேன். அங்கே தனபாக்கியம் இருக்கிறாள். நான் ராஜாவாக நின்ற மேடைகளில் எனக்கு ராணியாக நின்றவள். கல்யாணம் முடித்து இங்கே வந்தவள், மகன் தலையெடுத்துவிட்டான், வீட்டில் ரேடியோ, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் "பிராண நாதா" என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் அவள் இடியாப்பம் சுட்டுக் கொடுக்காமல் விடமாட்டேன் என்றாள். அந்த இடியாப்பத்தால்தான் எல்லாமே தலைகீழானது.

தனியாகப் போய்விடுவேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கினால் தாராவி பக்கம் என்று தனபாக்கியம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். குர்லாவில் மாறினேன், ஆனால் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டேன். மீன்கூடைகளும் பெண்களுமாக மூச்சுவிட இடமில்லை. சயான் வருகிறதா, சயான் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மீன்காரி ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் அர்த்தம் சொன்னாள். சயான் வராது, வேண்டுமானால் நீ சயானுக்கு நடந்து போ என்கிறாளாம். அதே மீன்காரிதான் அடுத்த ஸ்டேஷனில் கூட்டத்தைப் பிளந்து என்னைக் கையைப் பிடித்து இறக்கி, எதிர் வண்டியில் ஏறச் சொல்லி விரலால் காட்டிவிட்டுப் போனாள்.

தாராவிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பந்தல் நிறைய ஜனம். மேடை என்பது எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை. எல்லாரும் வேஷம் கட்டி வெகுநேரமாகக் காத்திருந்தார்கள், எனக்காக. வைத்தியநாதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நேரமானதில் அவருக்கு ஏன் இவ்வளவு கவலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தங்கதுரை மேடைக்கு வந்தான் பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. குரல் கணீரென்று கடைசி வரிசைக்குப் போனது. நடையில் ஒரு அவசரம் இல்லை. தம்பிக்கு வாக்குக் கொடுக்கிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு அவன் நின்ற நிலையைப் பார்த்து, இவனை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தேன். டீக்கடை வைத்திருக்கிற சுப்பையாதான் பபூன். பம்பாய் இந்தியைக் கலந்து அவன் பேசினதில் பாதி எனக்குப் புரியவில்லை, இருந்தும் சிரித்தேன். நாடகத்தைப் பாஸ் பண்ணிவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் தீர்மானமே செய்துவிட்டேன்.

கொலுமண்டபக் காட்சி. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது தூரத்தில் ஒரு மில்லின் சங்கு ஊதியது. போங்கா என்கிறார்கள் இங்கே.

தீர்ப்பு பாதியில் நின்றது. வீரகேது மகாராஜா எழுந்தார். இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றினார். ராணி வேஷக்காரன் வளையல்களை உருவ ஆரம்பித்தான். மந்திரி மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தான். உள்ளேயிருந்து சுப்பையா ஓடிவந்து கிரீடத்துக்குக் கையை நீட்டினான். நீட்டின பிறகுதான் அவனுக்கு என்னவோ ஞாபகம் வந்தது, திருதிருவென்று விழித்தான். தங்கதுரையும் கையில் கிரீடத்தோடு என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இங்கே பந்தலில் பாதி ஜனம் எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. தங்கதுரை கிரீடத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், வசனம் வரவில்லை. ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டு காத்திருந்தார். சுப்பையாதான் சமாளித்தான். ராஜாவுக்கு வயிற்றுவலி, கொஞ்ச நேரம் நாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிம்மாசனத்தில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். எனக்குக் கோபம் வந்தால் பொடி நடை நடக்கத் தெரியாது, பலகை அதிர்ந்திருக்கும்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கொடை செவ்வாய்க்கிழமைதான் வரும், அன்றைக்கு மில்லுக்கு லீவு கிடையாது. அதனால் இந்தச் சபாவில் ஒவ்வொரு வேஷத்துக்கும் இரண்டு ஆள். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் முதல் பாதியை ஆடுவார்கள். நாட்டைத் தம்பியிடம் கொடுக்கிற இடத்தில் சரியாகப் போங்கா ஊதும்படி கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஊதினதும் கிரீடத்தைச் சுப்பையாவிடம் கொடுத்துவிட்டு மில்லுக்கு ஓடுவார்கள். முதல் ஷிப்டு முடிந்தவர்கள் வந்து வேஷம் கட்டுகிற வரைக்கும் சுப்பையா ஒற்றை ஆளாக நாட்டை ஆளுவான். பிறகு மிச்ச நாடகத்தை அவர்கள் ஆடுவார்கள். குதிரைக்காரனாக அலைந்து கடைசியில் நாட்டைத் திரும்ப வாங்குகிற ராஜா, முத்தையா என்று வேறொருத்தன்.

ஒரு வேஷத்துக்கு ஒரு ஆள் என்று வைத்தியநாதன் வாசித்துக் காட்டியதும் இவர்கள் கூடிப் பேசினார்கள். தங்கதுரையும் மற்றவர்களும் லீவு போட்டு, முழு நாடகத்தையும் தாங்களே ஆடிவிடுவது என்று முடிவு செய்தார்கள். மில் வாசலில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் முத்தையாவிடம் வரி வரியாகக் கேட்டு மனப்பாடம் பண்ணினார்கள். முத்தையா கூட்டத்தாரிடம் மேடைப் பக்கமே தலைகாட்டாதீர்கள் என்று சொல்லிவைத்தார்கள். வைத்தியநாதனுக்கும் இது தெரியும். எல்லாம் சரி, போங்கா ஊதினதும் கை தானாகக் கிரீடத்துக்குப் போய்விட்டது. நான் நேரத்துக்கு வந்திருந்தால் அது கதையிலும் கிரீடத்தைக் கழற்றுகிற இடமாக இருந்திருக்கும். கிரீடத்தைக் கழற்றினதோடு மனப்பாடம் பண்ணினதும் போய்விட்டது.

என்னை ஏமாற்றப் பார்த்தீர்களா, எங்கள் ஊரில் இப்படிப் பாதியில் ராஜாவை மாற்றி ஜனத்தை ஏமாற்றினார்கள் என்றுதானே அந்த விதியையே போட்டேன் என்று கத்திவிட்டேன். வைத்தியநாதன் குறுக்கே வந்து, நான்தான் காரணம், நல்லது பண்ணுகிறதாக நினைத்தேன் என்றார். பொன்னுத்தாய்தான் துணிப்பெட்டியை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏமாத்துன்னு சொல்லாதீய அக்கா. உங்க ஊர்ல ராஜா மாறுனா, உக்காந்திருந்த ஜனம் ஏமாந்துச்சு. இங்க பாக்க வந்த ஜனமே மாறிருதே. போனவிய அவுக ராஜாவப் பாத்துட்டுப் போறாவ. வாரவிய அவுக ராஜாவப் பாக்க வாராவ. இதுல யாரு யார ஏமாத்துனா?"

திரைச்சீலை ஓரமாகப் பந்தலை எட்டிப் பார்த்தேன். முதல் ஷிப்டு முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், தலையிலும் புருவத்திலும் பஞ்சு. வந்து உட்கார்ந்தவர்கள் மேடையில் தங்கள் ராஜாவைத் தேடினார்கள். முத்தையா எங்கலே என்று ஒருத்தன் குரல் கொடுத்தான். குட்டையாக, கறுப்பாக ஒரு ஆள் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். அவன்தான் முத்தையா. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

எனக்கு நாடகம் பாதியில் நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் தெரியும். முத்தையாவையும் அவன் கூட்டத்தாரையும் கூப்பிட்டு வேஷம் கட்டச் சொன்னேன். ஆனால் நான் தாமதமாக வந்ததில் நாடு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அந்தக் காட்சி முத்தையாவுக்குத் தெரியாது. அதனால் தங்கதுரையைக் கூப்பிட்டு, நீ போய் நாட்டைக் கொடுத்துவிட்டு வா, அதற்கப்புறம் அவன் வரட்டும் என்றேன். நிஜமாகவா அக்கா என்று கேட்டான். போடா என்று தள்ளிவிட்டேன்.

போங்கா ஊதி ஓய்ந்துவிட்டதால் இப்போது அவனுக்கு வசனம் மழையாகக் கொட்டியது. தம்பி வந்து வாக்கைக் கேட்கிறான். ராஜா வாளை வைக்கிறார், முத்திரை மோதிரத்தை வைக்கிறார், கடைசியில் கிரீடத்தை வைக்கிறார். பந்தலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் ஷிப்டு முடிந்து வருகிற இந்த ஜனம் இந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை. தங்கள் ராஜா குதிரைக்காரனாக அலைவதை மட்டும் வருஷா வருஷம் பார்த்தவர்கள். ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் பக்கத்தில் பாதி மீசை ஒட்டிய முத்தையா நின்றிருந்தான். "இம்புட்டு அநியாயமாவா போச்சு" என்று மெதுவாகச் சொன்னான்.

பிறகு கைமாற்றினார்கள். ஒளித்து மறைத்து இல்லை, எப்போதும் செய்கிற மாதிரியே மேடையில், எல்லார் கண் முன்னாலும். சுப்பையா கிழிந்த மேல்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து முத்தையாவின் தோளில் போட்டு, இனிமேல் இவர்தான் நம்ம மகாராஜா என்றான். விசில் காதைப் பிளந்தது. முத்தையாவுக்குத் தங்கதுரையின் உயரமும் இல்லை, குரலும் இல்லை. ஆனால் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டு, ராணி தன்னை அடையாளம் கண்டுவிடக்கூடாதே என்று முதுகைத் திருப்பிக்கொள்கிறான் பாருங்கள், அங்கே நான் அழுதுவிட்டேன். அழுததைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

தங்கதுரைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மில்லுக்கு லீவு, மேடையில் வேலை முடிந்தது. பனியனும் அரிதாரமுமாக வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கடைசிக் காட்சி வந்தது. தம்பி காலில் விழுந்து நாட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். ராணி கிரீடத்தை எடுத்துத் தலையில் வைக்கிறாள். சுப்பையா பூத்தூவுகிறான், திரை விழுகிறது. தங்கதுரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்து கோடு கோடாக வழிந்தது. என்னப்பா என்றேன்.

"வருஷா வருஷம் நாட்டக் குடுத்துட்டு, மூஞ்சியக் கழுவிட்டு மில்லுக்குப் போயிருவேன் அக்கா. நாடு திரும்பக் கிடைச்சிட்டுன்னு மறுநா காலையில எம் வீட்டுக்காரி சொல்லுவா. இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்."

முடிவை ஊருக்குக் கிளம்பும்போது சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மாதுங்காவுக்கு வந்துவிட்டேன். புதன்கிழமை முழுக்க வைத்தியநாதனோடு வாக்குவாதம். அவர் கேட்டது நியாயம்தான். விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும்தானே, இவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு அந்தக் காண்டிராக்டர்களும் ஷிப்டு என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்களா என்றார். வரட்டும், வந்தால் மேடையில் எல்லார் முன்னாலும் கிரீடத்தை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், திருடனுக்கு அந்தத் தைரியம் வராது என்றேன். விதியைப் போட்டவள் நான், அதை என்னத்துக்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியாதா என்றும் கேட்டேன். கல்யாணி மாமி உள்ளேயிருந்து, அவர்களைச் சேர்த்துக்காமல் போனால் எனக்கும் வருத்தமாக இருக்கும் என்று குரல் கொடுத்தார். வைத்தியநாதன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

வியாழக்கிழமை தாதர் ஸ்டேஷனுக்குத் தங்கதுரையும் பொன்னுத்தாயும் வந்திருந்தார்கள். முத்தையா மில்லில் இருந்தான். பொன்னுத்தாய் ஒரு தூக்குவாளியில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்திருந்தாள். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் என் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்களைச் சங்கத்தில் சேர்த்தாயிற்று, மதுரையில் யாராவது முகத்தைச் சுளித்தால் அது என் பாடு, ஊருக்குப் போனதும் வேறு பிரதி அனுப்புகிறேன் என்றேன். பொன்னுத்தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போ கமிட்டிக்காரன் சினிமாத் திரையை அவன் வீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்றாள்.

தங்கதுரை கொஞ்சம் தயங்கினான். முத்தையாவிடம் பேசிவிட்டதாகவும், மேஸ்திரியிடம் சொல்லி இரண்டு பேரும் ஷிப்டை மாற்றிக்கொள்ளப் போவதாகவும் சொன்னான். புது நாடகத்தில் இரண்டாம் பாதி ராஜா தங்கதுரைதானாம். எந்த நாடகமானாலும் கடைசியில் நாடு திரும்பக் கிடைக்கிற இடத்தில் நீ நிற்க வேண்டுமாக்கும் என்றேன். வெட்கத்தோடு தலையை ஆட்டினான். அவ்வளவு நல்ல இடத்தை முத்தையா எப்படி விட்டுக்கொடுத்தான் என்று கேட்டேன்.

"அவந்தான் அக்கா மொதல்ல கேட்டான். நாடு கையில வந்ததும் திரை விழுந்துருதாம். ஒரு வருஷமாவது சிம்மாசனத்துல உக்காந்து ஆண்டு பாக்கணுமாம்."